நான்காம் வகுப்பு முடியும்போது: ஜெர்மனிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு எழுகிற கேள்வி, ஜெர்மனியில் பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பும்போதே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. குருண்ட்ஷூலே எனப்படும் தொடக்கப் பள்ளி பெரும்பாலான மாநிலங்களில் நான்கே ஆண்டுகள்தாம். பெர்லினிலும் பிராண்டன்பூர்கிலும் மட்டும் ஆறு ஆண்டுகள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கிம்னாசியம் (பல்கலைக்கழகத்தை நோக்கியது), ரெயால்ஷூலே (பத்தாம் வகுப்பு வரை), ஹாவுப்ட்ஷூலே (தொழிற்பயிற்சியை நோக்கியது), கெசாம்ட்ஷூலே (எல்லாரும் சேர்ந்து படிப்பது) என்று வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் முதல் நான்கு ஆண்டுகளாவது ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று 1920இல் சட்டம் வந்தபோது அது பெரிய முன்னேற்றமாக இருந்தது. நூறாண்டுகள் கடந்த பின்னும் அந்த நான்காண்டு எல்லை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய ஒரு குடும்பம், தனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடாத ஓர் அமைப்புக்குள், பிள்ளையின் அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கான முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

நான் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ரூர் பகுதியில் வசிக்கிறேன். ஆசிரியரைச் சந்திக்கப் போகும் தமிழ்ப் பெற்றோருடன் மொழிபெயர்ப்புக்காக உடன் செல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். அந்தச் சின்ன நாற்காலிகளில் அமர்ந்து நான் கேட்டவற்றையும் கற்றவற்றையும் வைத்து, இங்குள்ள பள்ளி வகைகளைப் புதிதாக வந்த ஒரு பிள்ளையின் நிலையிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்க முயல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெர்மன் மொழியுடன் மூன்று ஆண்டுக்கும் குறைவான பழக்கமுள்ள பிள்ளைக்கு, தனக்கென்று மேல்நிலை வகுப்புகள் கொண்ட கெசாம்ட்ஷூலேதான் பெரும்பாலும் முதல் தேர்வாக இருக்க வேண்டும். எப்போது அப்படி இருக்கக் கூடாது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

ஒப்பிடத் தொடங்குவதற்கு முன், நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். கல்வி இங்கே மாநிலங்களின் அதிகாரம். பதினாறு மாநிலங்களும் தத்தம் விதிகளை வைத்திருக்கின்றன. பவேரியாவில் ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய மூன்று பாடங்களின் சராசரி 2.33க்குள் இருந்தால் (இங்கே எண் குறையக் குறைய மதிப்பெண் நல்லது) கிம்னாசியம், 2.66க்குள் இருந்தால் ரெயால்ஷூலே. அதற்குள் வராத பிள்ளை சில நாள் தேர்வு வகுப்பில் உட்கார்ந்து தன் திறனைக் காட்ட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 2012இல் கைவிடப்பட்ட கட்டுப்பாடு, 2025-26 கல்வியாண்டில் கிம்னாசியத்தில் சேர்வோருக்கு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது: பெற்றோர் விருப்பத்தோடு, பள்ளியின் பரிந்துரையோ கொம்பாஸ் 4 என்னும் பொதுத் தேர்வின் முடிவோ ஒத்துப்போக வேண்டும். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் பள்ளி பரிந்துரை தரும், முடிவு பெற்றோருடையது. ஹாம்பர்கில் கெசாம்ட்ஷூலே போன்ற ஸ்டாட்டைல்ஷூலே, கிம்னாசியம் என்று இரண்டே கிளைகள். ஆகவே பவேரியாவின் மியூனிக்கில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் தரும் அறிவுரை, அது எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டாலும், என் மாநிலத்து டோர்ட்முண்டில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். இனி நான் சொல்வது முக்கியமாக என் மாநிலத்தை வைத்து. வேறுபாடு பெரிதாக இருக்கும் இடங்களில் குறிப்பிடுகிறேன்.

மதிப்பெண் அட்டையைப் படிப்பதிலேயே முதல் தடுமாற்றம் தொடங்குகிறது. இங்கே 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசம் என்பதை எல்லோரும் சீக்கிரம் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் 3 என்னும் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பெஃப்ரீடிகெண்ட்’ என்று எழுதியிருக்கும். அகராதியில் அதற்குத் திருப்திகரம் என்று பொருள். ஓர் அப்பா அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தேடிப் பார்த்து, ஆசிரியர் திருப்தியாக இருக்கிறார் என்று நம்பி, நான்காம் வகுப்பின் அரையாண்டு வரை கவலையின்றி இருந்தார். முக்கியப் பாடங்களில் 3 வாங்கும் பிள்ளைக்குக் கிம்னாசியப் பரிந்துரை தயக்கமின்றிக் கிடைப்பது அரிது என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என் மாநிலத்தில் அந்தப் பரிந்துரை அரையாண்டு மதிப்பெண் அட்டையோடு வருகிறது. அதில் ஒரு பள்ளி வகைக்குத் ‘தகுதியானவர்’ என்றோ, ‘சில வரம்புகளோடு தகுதியானவர்’ என்றோ எழுதியிருப்பார்கள். இந்த இரண்டாவது சொற்றொடரை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது மொழியைப் பற்றிய கூற்று. பிள்ளையின் அறிவைப் பற்றியதாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பள்ளி வகை குறித்த என் முடிவு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. “அக்கா, இவ பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட நாள் முழுக்க ஜெர்மன்லதான் பேசுறா, எனக்கே இவதான் மொழிபெயர்ப்பு” என்று ஒரு தாய் பெருமையோடு என்னிடம் சொன்னார். அது உண்மைதான். ஆனால் விளையாட்டுத் திடலின் மொழி வேறு, பாடநூலின் மொழி வேறு. கனடாவில் பணியாற்றிய மொழியறிஞர் ஜிம் கம்மின்ஸ் புலம்பெயர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து, பேச்சு மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடும் என்றும், பாடங்களைப் புரிந்து எழுதும் அளவிலான மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தேவைப்படும் என்றும் காட்டினார். அந்தச் சிறுமியின் கணக்கு நோட்டில் ஒரு கேள்வியை நான் பார்த்தேன். அதில் ஒரு மிதிவண்டியின் விலை ‘அவுஃப்’ 80 யூரோ குறைக்கப்பட்டது என்றிருந்தது. அதாவது 80 யூரோவாகக் குறைந்தது. அவள் அதை ‘ஊம்’ என்று இருந்ததைப் போல, 80 யூரோ குறைந்தது என்று எடுத்துக்கொண்டு கழித்திருந்தாள். கழித்தலில் பிழை எதுவும் இல்லை. தமிழில் ‘ஆக’ என்னும் ஒட்டு செய்கிற வேலையை ஜெர்மனில் இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள் செய்கின்றன. அவற்றைக் காதால் கேட்டுக் கடந்துவிடலாம், ஆனால் தேர்வுத் தாளில் கடக்க முடியாது. மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளை, பள்ளி வகை தீர்மானிக்கப்படும் நாளில், அந்த ஐந்து முதல் ஏழு ஆண்டுப் பயணத்தில் பாதியைக்கூடக் கடந்திருப்பதில்லை.

இப்போது கிம்னாசியத்தைப் பார்ப்போம். பல்கலைக்கழகத்துக்கான தகுதியாகிய அபிட்டூரை நோக்கி நேராகச் செல்லும் பாதை இது. இடையில் பள்ளி மாற வேண்டியதில்லை. என் மாநிலத்தில் 2019-20 முதல் மீண்டும் ஒன்பது ஆண்டுப் படிப்பாகியிருப்பதால் முன்பிருந்த நெருக்கடி சற்றுத் தளர்ந்திருக்கிறது. வகுப்பறைச் சூழலும் பெரும்பாலும் படிப்பில் நாட்டமுள்ளதாக இருக்கும். நம்மவர்கள் இதை நாடுவதில் வியப்பில்லை, ஏனெனில் படிப்புக்காகவே பலர் எத்தனையோ இழப்புகளைத் தாங்கி வந்திருக்கிறார்கள். இருந்தாலும் இந்தப் பாதையின் வேகம் பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை. ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் இங்கே சோதனைக் கட்டம். ஆறாம் வகுப்பின் முடிவில், இந்தப் பள்ளி இவருக்குப் பொருந்தவில்லை என்று ஆசிரியர் குழு தீர்மானித்தால், பிள்ளை வேறு வகைப் பள்ளிக்கு மாற்றப்படுவார். ஏழாம் வகுப்பில் இரண்டாவது அயல்மொழியாகப் பிரெஞ்சோ இலத்தீனோ சேர்கிறது; ஜெர்மனையே அயல்மொழியாகக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது உண்மையில் மூன்றாவது.

இதனோடு ‘வாய்மொழிப் பங்களிப்பு’ என்னும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தேர்வுகளுக்கு இணையான எடை, வகுப்பில் பிள்ளை எவ்வளவு பேசுகிறார், என்ன கேட்கிறார், பிறர் கருத்துக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்பதற்கும் தரப்படுகிறது. இது எல்லாப் பள்ளி வகைகளிலும் உண்டு என்றாலும் கிம்னாசியத்தில் அதிகம் உறைக்கிறது. இங்குள்ள பிள்ளைகள் சுட்டுவிரலை உயர்த்திக்கொண்டே இருப்பார்கள். பதில் அரைகுறையாகத் தெரிந்தாலும் உயர்த்துவார்கள். கேட்டால் மட்டுமே பேச வேண்டும், தவறாகப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அங்கே கைகட்டி அமர்ந்திருப்பார். ஆசிரியர் அதை அடக்கம் என்று வாசிப்பதில்லை. பாடத்தில் ஈடுபாடு இல்லை என்று வாசிக்கிறார். நான் உடன் சென்ற ஒரு சந்திப்பில், எழுத்துத் தேர்வுகளில் 2 வாங்கிய சிறுவனுக்கு இறுதியில் 4 தரப்பட்டிருந்தது. அவன் அந்த அரையாண்டில் ஏழு முறைதான் கை உயர்த்தினான் என்று ஆசிரியர் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன் ஆறாம் வகுப்பின் முடிவில் பள்ளி மாறினான். புதிய பள்ளியில் அவன் நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் வெளியே அனுப்பப்பட்டவன் என்ற எண்ணம் அவனைவிட்டுப் போகவே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று என்று அவன் தாய் சொன்னார்.

ரெயால்ஷூலே ஐந்திலிருந்து பத்து வரை. முடிவில் கிடைப்பது பொதுப் பேச்சில் ‘மிட்லெரெ ரைஃபெ’ எனப்படும் இடைநிலைச் சான்றிதழ். அளவான வேகம், தெளிவான ஒழுங்கு, நடைமுறைப் பாடங்களுக்கும் இடம் என்பன இதன் நிறைகள். பத்தாம் வகுப்பில் போதிய மதிப்பெண் பெற்று மேற்படிப்புத் தகுதிக் குறிப்போடு சான்றிதழ் வாங்கினால், கிம்னாசியத்தின் அல்லது கெசாம்ட்ஷூலேயின் மேல்நிலை வகுப்புகளில் சேரலாம். அதுவரை இரண்டாம் அயல்மொழி படிக்காதவர் அங்கே புதிதாக ஒன்றைத் தொடங்கி அபிட்டூர் வரை தொடரலாம். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் இதற்கென்றே தொழில்சார் கிம்னாசியங்கள் பரவலாக இருக்கின்றன. ரெயால்ஷூலே முடித்தவர் மூன்று ஆண்டுகளில் முழுமையான அபிட்டூரை அங்கே பெறுகிறார். குறை என்னவென்றால், பதினாறு வயதில், பிள்ளைகள் மிகவும் தடுமாறும் பருவத்தில், பள்ளி, நண்பர்கள், ஆசிரியர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அந்தத் தாவலைத் திட்டமிட்டு, உடன் நின்று நடத்திக்கொடுக்க வீட்டில் யாராவது இருந்தால் ரெயால்ஷூலே நல்ல தேர்வு. பெற்றோர் இருவரும் ஷிஃப்ட் முறையில் வேலை பார்த்து, அந்த ஆண்டில் யாருக்கும் நேரமில்லாமல் போனால், திறமையுள்ள பிள்ளையும் பத்தோடு நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

கெசாம்ட்ஷூலே இந்த எல்லா வகையினரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் யாரையும் தரம் பிரிப்பதில்லை. ஏழாம் வகுப்பில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும், பின்னர் ஜெர்மனுக்கும், ஒன்பதாம் வகுப்பில் ஓர் அறிவியல் பாடத்துக்கும் இரண்டு நிலைகள் வருகின்றன: கூடுதல் ஆழமுள்ளது ஏ-கூர்ஸ் (E-Kurs), அடிப்படையானது கே-கூர்ஸ் (G-Kurs). கணக்கில் வல்லவரான ஒரு தமிழ்ப் பிள்ளை கணக்குக்கு ஏ-கூர்ஸிலும் ஜெர்மனுக்குக் கே-கூர்ஸிலும் இருக்கலாம். மொழி தேறியதும் மேலே மாறலாம். மொழியில் இருக்கும் குறை கணக்கையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு இது. புதிதாக வந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை இந்த அமைப்பில் நான் கண்டதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு ஏறும் வரை மதிப்பெண் குறைவுக்காக யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. பெரும்பாலும் மாலை வரை நடக்கும் பள்ளிகள் என்பதால், வீட்டுப்பாடத்தில் உதவ ஜெர்மன் தெரிந்த பெற்றோர் தேவை என்ற நிலையும் தணிகிறது.

“ஆனால் அந்த அபிட்டூருக்கு மதிப்புக் குறைவாமே?” என்பதே நான் அதிகம் கேட்கும் ஐயம். இதற்கு விடை தெளிவானது. இந்த மாநிலத்தில் 2007 முதல் அபிட்டூர் எழுத்துத் தேர்வுகளுக்கு மையமாக வினாத்தாள் அமைக்கப்படுகிறது. கிம்னாசிய மாணவரும் கெசாம்ட்ஷூலே மாணவரும் அதையேதான் எழுதுகிறார்கள், சான்றிதழும் ஒன்றே. பல்கலைக்கழகம் மதிப்பெண்ணைப் பார்க்கிறது.

கெசாம்ட்ஷூலேக்குக் குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வரும் பள்ளிகள் பல. பரிந்துரை எதுவாக இருந்தாலும் இடம் கிடைக்காமல் போகலாம். வெவ்வேறு திறனுள்ள பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதால், தானாகவே படிக்கும் உந்துதல் இல்லாத பிள்ளை நடுவில் அமைதியாகக் கலந்துபோய்விடலாம். ஏழாம் வகுப்பில் கே-கூர்ஸில் வைக்கப்பட்டால் பெற்றோர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு முடிவில் மேல்நிலைக்குப் போகும் தகுதி, போதிய ஏ-கூர்ஸ்களில் இருந்தாரா என்பதைப் பொறுத்தே அமைகிறது. மேலும், இதைப் போலவே தோன்றும் செகுண்டார்ஷூலே என்னும் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேல்நிலைக்கு வேறொரு பள்ளியுடன் ஒப்பந்தம் வைத்திருக்கும். பவேரியாவில் கெசாம்ட்ஷூலேக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதால், அங்கிருப்பவருக்கு இந்த வழி நடைமுறையில் இல்லையென்றே கொள்ள வேண்டும்.

ஹாவுப்ட்ஷூலேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் பல மாநிலங்களில் அது மறைந்தோ வேறு வகைகளோடு இணைந்தோ போய்விட்டது. ஆனால் அது இட்டுச் செல்லும் தொழிற்பயிற்சியாகிய அவுஸ்பில்டுங்கை நம்மவர்கள் தோல்வியாகக் கருதுவது எனக்கு வருத்தம் தருகிறது. வாரத்தில் சில நாள் நிறுவனத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலுமாக, பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் நடக்கும் அந்தப் பயிற்சி முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு உண்டு. பயிற்சிக் காலத்திலேயே ஊதியமும் உண்டு: 2025இல் தொடங்கியவர்களுக்கு முதலாம் ஆண்டின் சட்டப்படியான குறைந்தபட்சம் மாதம் 682 யூரோ. மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2009இல் எடுத்த முடிவின்படி, தொழிலில் உயர்நிலைத் தேர்ச்சியைக் காட்டும் மைஸ்டர் பட்டம் பெற்றவர் அபிட்டூர் இல்லாமலேயே பல்கலைக்கழகத்தில் சேரலாம். கைவேலையில் உயிர்ப்பாக இருக்கும் பிள்ளையை மேசையில் கட்டிப்போட வேண்டியதில்லை.

ஆங்கில வழியில் நடக்கும் பன்னாட்டுப் பள்ளிகளைப் பற்றியும் கேட்கிறார்கள், குறிப்பாக நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வரும் கணினித் துறையினர். இரண்டு மூன்று ஆண்டுகளில் நாடு மாறுவது உறுதியென்றால், கட்டணத்தையும் நிறுவனமே ஏற்றால், அது நியாயமான தேர்வு. இங்கேயே தங்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் கிடைக்கும் ஜெர்மன் மொழியைப் பிள்ளை இழக்கிறார். பன்னாட்டு ஐபி சான்றிதழ் இங்கே ஏற்கப்பட்டாலும், எந்தப் பாடங்களை எந்த நிலையில் படித்திருக்க வேண்டும் என்பதற்கு நிபந்தனைகள் உள்ளன. தனியார் பள்ளி என்றாலே தரம் கூடியது என்ற நம் வழக்கமான எண்ணம் இங்கே பொருந்தாது. மருத்துவர் பிள்ளையும் பேருந்து ஓட்டுநர் பிள்ளையும் பெரும்பாலும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

பத்து வயதைக் கடந்து வரும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களை முதலில் மொழிக்கான தயாரிப்பு வகுப்பில் சேர்ப்பார்கள். பெர்லினில் அதற்கு வில்கொம்மென்ஸ்கிளாஸெ என்றும், ஹெஸ்ஸனில் இன்டென்ஸீவ்கிளாஸெ என்றும், பவேரியாவில் டொய்ச்கிளாஸெ என்றும் பெயர். என் மாநிலத்தில் இந்த மொழி ஆதரவு பொதுவாக இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கும். தயாரிப்பு வகுப்பு எந்த வகைப் பள்ளியில் இருக்கிறது என்பதைக் கேளுங்கள். பவேரியாவில் அது தொடக்கப் பள்ளியிலும், ஹாவுப்ட்ஷூலேயின் அங்குள்ள வடிவமாகிய மிட்டல்ஷூலேயிலும்தான் நடக்கிறது. ஆகவே ஊரில் முதல் மாணவியாக இருந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணும் மிட்டல்ஷூலேயில் வந்து அமர்கிறாள். அங்கிருந்து பத்தாம் வகுப்பு இடைநிலைச் சான்றிதழும், அதன் பின் ஃபாஹ்ஓபர்ஷூலே எனப்படும் தொழில்சார் மேல்நிலைப் பள்ளியும் என்று வழி போகிறது. அது சுற்றுப்பாதைதான், ஆனாலும் உயர்கல்விக்குப் போய்ச் சேரும் பாதை. அபிட்டூருக்கு வேண்டிய இரண்டாம் அயல்மொழிக்குப் பதிலாகத் தாய்மொழியில் ஒரு தகுதித் தேர்வு எழுதும் வாய்ப்பு, தகுந்த தேர்வாளர் கிடைக்கும் பட்சத்தில், சில மாநிலங்களில் உண்டு. தமிழை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது பெரிய கொடை. பள்ளி தானாக இதைச் சொல்லாமல் விடலாம் என்பதால் சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள்.

கிம்னாசியத்தையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைகளும் இருக்கின்றன. மழலையர் பள்ளியிலோ முதல் வகுப்பிலோ வந்து சேர்ந்த பிள்ளை. தடித்த ஜெர்மன் கதை நூல்களைத் தானாக எடுத்து வாசிக்கிற பிள்ளை. ஜெர்மன் பாடத்திலும் 2 வாங்கி, வகுப்பில் கையுயர்த்திப் பேசுகிற பிள்ளை. இப்படிப்பட்டவருக்கு ரெயால்ஷூலேதான் என்று ஆசிரியர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள், பணிந்துபோக வேண்டாம். ஒரே அளவு வாசிப்புத் திறன் இருந்தும், படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே கிம்னாசியப் பரிந்துரை அதிகம் கிடைக்கிறது என்று இந்நாட்டின் ஆய்வுகளே பலமுறை காட்டியிருக்கின்றன. 2001 டிசம்பரில் வெளியான, பன்னாட்டு மாணவர் திறன் ஆய்வாகிய பிசாவின் முதல் முடிவுகள் இந்த நாட்டை உலுக்கியதற்கு, பெற்றோரின் நிலைக்கும் பிள்ளையின் கல்விக்கும் இங்கிருந்த இறுக்கமான பிணைப்பும் ஒரு காரணம். அந்த அப்பாவுக்கு ஜெர்மன் வராது, வீட்டில் உதவி கிடைக்காது என்று ஆசிரியர் மனத்தில் ஓடும் கணக்கு, பிள்ளையின் தகுதியாகிவிடக் கூடாது.

நடைமுறைக்கு வருவோம். நான்காம் வகுப்பின் இலையுதிர் காலம் தொடங்கி ஜனவரி வரை பள்ளிகள் தங்கள் கதவுகளைத் திறந்து வைக்கும் நாட்களை அறிவிக்கின்றன. பிள்ளையையும் அழைத்துக்கொண்டு குறைந்தது மூன்று பள்ளிகளுக்காவது போங்கள். ஆய்வகத்தையும் இசையறையையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, ஜெர்மனைப் பிற்பாடு கற்ற பிள்ளைகளுக்குக் கூடுதல் மொழிப் பாடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதை யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். கிம்னாசியமாக இருந்தால் ஆறாம் வகுப்பின் முடிவில் சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் வெளியேறினார்கள் என்றும், கெசாம்ட்ஷூலேயாக இருந்தால் கே-கூர்ஸிலிருந்து ஏ-கூர்ஸுக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் கேளுங்கள். எண்ணைத் தயங்காமல் சொல்லும் பள்ளியை நான் நம்புவேன். நல்ல கிம்னாசியம் ஒன்று இக்கேள்விகளுக்குத் திருப்தியான பதில் தந்தால், நான் முதலில் சொன்ன முடிவை மாற்றிக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.

தொடக்கப் பள்ளி உங்களிடம் ஒரு சேர்க்கைப் படிவம் தரும். அதை ஒரே ஒரு பள்ளியில்தான் கொடுக்க முடியும், எனவே பத்திரமாக வைத்திருங்கள். இந்த மாநிலத்தின் பல நகரங்களில் கெசாம்ட்ஷூலேக்கான பதிவு மற்றப் பள்ளிகளுக்கு முன்னதாகவே நடக்கிறது. அங்கே இடமில்லை என்று மறுப்புக் கடிதம் வந்தாலும், கிம்னாசியத்துக்கும் ரெயால்ஷூலேக்கும் விண்ணப்பிக்க அப்போதும் நாள் இருக்கும். அந்தக் கடிதத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதாகக் குறித்து வைத்திருந்த பள்ளிக்கு உடனே போய்விடுங்கள்.